தவறியவன் மீண்டும் ஸங்கல்பம் செய்யலாமா?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நமது திருக்கோயில் பவித்ரோத்ஸவத்தை முன்னிட்டு வெளிவரும் இம்மலருக்கு அடியேனும் ஒரு கட்டுரை ஸமர்ப்பிக்க வேண்டும் என்று கைங்கர்யபரர்கள் நியமித்தார்கள். கற்றது கைம்மண்ணளவு. ஆயினும், ஸந்நிதியில் நிற்கும் அர்ச்சகனிடம் பலர் பலவிதமாகக் கேட்கும் ஒரே கேள்வி உண்டு. அதை எடுத்துக்கொண்டு பெரியோர்கள் காட்டிய வழியில் சிறிது சிந்திக்கலாம் என்று துணிந்தேன்.

தன் நடையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒருமுறையேனும் எண்ணாத மனிதர் இலர். மார்கழி பிறந்தால் விடியுமுன் எழுந்து நீராடுவேன் என்கிறார் ஒருவர். ஏகாதசிதோறும் உபவாஸம் இருப்பேன் என்கிறார் மற்றொருவர். புகையிலையை விட்டேன், சீட்டாட்டத்தை விட்டேன், குடியை விட்டேன், இனி மனையாளிடம் சினந்து பேசேன் என்று எம்பெருமான் திருமுன்பே வாக்களிப்பவர்களும் உளர். அவ்வாறு சொல்லும் வேளையில் அவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணீர் மல்க, உள்ளன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாற்பது நாள் கழித்தோ, நான்கே நாளிலோ கால் வழுக்கிவிடுகிறது. அதன்பின் பிறப்பதே அந்தக் கேள்வி: “ஸ்வாமி, பெருமாளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் மறுபடியும் அதே சொல்லைச் சொல்ல யோக்யதை உண்டா?”

இதற்கு உலகத்தார் இரண்டு விதமாக விடை கூறுவர். “தெய்வத்தின் முன் செய்த ப்ரதிஜ்ஞையை மீறியவன் அதற்குத் தகுதியற்றவன், இனி வாய் திறவாமல் இருப்பதே நன்று” என்பது ஒன்று. “எம்பெருமான் கருணைக்கடல், எல்லாவற்றையும் பொறுப்பான், ஆகவே ஸங்கல்பமும் வேண்டா, தவறியதற்கு வருத்தமும் வேண்டா” என்பது மற்றொன்று. முன்னது கேட்பதற்குத் தர்மம் போலவும், பின்னது பக்தி போலவும் இருக்கும். இரண்டுமே நம் ஆசார்யர்கள் காட்டிய வழியன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமக்கு ஏற்பட்ட ஸம்ஸ்காரத்தையே பார்ப்போம். ஆசார்யன் திருவடிகளை அடைந்து ஸமாச்ரயணம் பெறும்போது தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என ஐந்து ஸம்ஸ்காரங்கள் நடைபெறுகின்றன. இவற்றுள் முதல் இரண்டையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். தாபமாவது தோள்களில் சங்க சக்ர முத்திரை பெறுவது. அது வாழ்நாளில் ஒருமுறையே. யாரும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. புண்ட்ரமாவது திருமண்காப்பு தரித்தல். அதுவோ அன்றோடு முடிவதில்லை. நாள்தோறும் நீராடியபின் த்வாதச நாமங்களைச் சொல்லிப் பன்னிரண்டு இடங்களிலும் புதிதாகச் சாற்றிக்கொள்ள வேண்டும். நண்பகல் வியர்வையில் அது கரையும், நீராட்டில் கலையும். நேற்றுச் சாற்றிய திருமண் இன்று இல்லையே என்று எவரேனும் அழுவதுண்டோ? “கலையும் பொருளை இடுவானேன்” என்று எவரேனும் வெறும் நெற்றியோடு இருந்துவிடுவதுண்டோ? இரண்டும் இல்லை. கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் தரிக்கிறோம்.

சரணாகதிக்கும் ஸங்கல்பத்திற்கும் உள்ள தொடர்பு இப்படிப்பட்டதே என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. “நான் உனக்கே உரியவன்” என்று எம்பெருமானைப் பற்றுவது தோளில் இட்ட முத்திரை போன்றது, ஒருமுறையே அமையும். கடற்கரையில் வந்து நின்ற விபீஷணனைச் சக்ரவர்த்தித் திருமகன் ஏற்றபோது, ஒருமுறை அடைக்கலம் என்று வந்தவனுக்கும் அபயமளிப்பது தன் வ்ரதம் என்று அருளினான். பலமுறை வந்து மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. ஆனால் அந்தச் சரணாகதிக்கு ஏற்ப வாழ்வதாகிய ஒழுக்கம் நெற்றியில் இடும் திருமண் போன்றது. அது தினந்தோறும் கலையக்கூடியது, தினந்தோறும் இடத்தக்கது. திருமங்கல்யதாரணம் ஒருமுறை நிகழ்கிறது. இல்லறம் நாள்தோறும் நடத்தப்பெறுகிறது. ஒருநாள் சமையல் பழுதானால் திருமணமே இல்லையென்று ஆகிவிடுவதில்லை. திருமணம் ஆகிவிட்டது என்பதற்காக மறுநாள் அடுப்பு மூட்டாமல் இருப்பதும் இல்லை.

சரணாகதியின் அங்கங்களை அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையும் லக்ஷ்மீ தந்த்ரமும் கூறுகின்றன. அவற்றுள் முதலாவதாக எண்ணப்படுவது ஆநுகூல்ய ஸங்கல்பம். எம்பெருமானுக்கு உகந்தவாறு நடப்பேன் என்னும் உறுதி அது. இரண்டாவது ப்ராதிகூல்ய வர்ஜனம், அதாவது அவனுக்கு உகவாததை விடுதல். மஹாவிச்வாஸம், கார்ப்பண்யம் முதலியனவும் உடன் எண்ணப்பெறும். கார்ப்பண்யமாவது தன் இயலாமையை உணர்ந்து ஒப்புக்கொள்ளுதல். “நல்வழியில் நடப்பேன்” என்னும் உறுதியும் “என்னால் ஆகாது” என்னும் அறிவும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நம் இயலாமையை அறியாமல் செய்யும் ஸங்கல்பம் அஹங்காரமாக முடியும். ஸங்கல்பமின்றி இயலாமையை மட்டும் பேசுவது சோம்பலாக முடியும்.

இனி, நாம் ஸங்கல்பம் செய்யும் முறையைப் பார்ப்போம். திருவாராதனத்திற்கோ, ஹோமத்திற்கோ, வ்ரதத்திற்கோ ஸங்கல்பிக்கும்போது என்ன சொல்கிறோம்? அறுபது ஸம்வத்ஸரங்களுள் இன்ன ஸம்வத்ஸரம், இன்ன அயனம், இன்ன ருது, இன்ன மாஸம், இன்ன பக்ஷம், இன்ன திதி, இன்ன வாரம், இன்ன நக்ஷத்ரம் என்று அடுக்கி, இந்தப் புண்ய திதியில் இந்தக் கர்மத்தைச் செய்கிறேன் என்கிறோம். பாடசாலையில் சிறுபிள்ளையாக இருந்தபோது இதைப் பஞ்சாங்கப் பாடமென்று எண்ணி உருப்போட்டேன். ஐம்பதைக் கடந்தபின்தான் இதில் உள்ள கருணை புலப்பட்டது. “இனி என்றென்றும் செய்வேன்” என்று சொல்லும்படி சாஸ்த்ரம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்றைய திதியைச் சொல்லச் சொல்கிறது. நாளைக்கு நாளைய திதி வரும். அதற்கு வேறு ஸங்கல்பம் உண்டு. மனிதனுடைய தோளின் வலிமையை அறிந்து, ஒருநாள் சுமையை ஒருநாளைக்கென்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் மஹரிஷிகள்.

அதோடு, கர்மத்தின் முன்னும் பின்னும் ஸாத்த்விக த்யாகம் செய்கிறோம். நான் செய்கிறேன் என்னும் எண்ணம், என்னுடையது என்னும் எண்ணம், பலன் எனக்கு என்னும் எண்ணம் ஆகிய மூன்றையும் விட்டு, எம்பெருமானே தன் உகப்பிற்காக என்னைக் கருவியாகக் கொண்டு இதைச் செய்வித்துக்கொள்கிறான் என்று அநுஸந்திக்கிறோம். இது வாய்ப்பேச்சாக நின்றுவிடாமல் உள்ளத்தில் இறங்கினால், ஸங்கல்பம் நிறைவேறியபோது கர்வம் வாராது; நிறைவேறாதபோது உள்ளம் இடிந்து போகாது. ஏனெனில் அது நம்முடைய சொத்தன்று. எஜமானன் கொடுத்த வேலையில் பிழை செய்த சேவகன் மறுநாள் வந்து அந்த வேலையைத் திருத்த வேண்டுமேயன்றி, வெட்கத்தால் வேலையை விட்டு ஓடக்கூடாது.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், உபாஸனம் கைகூடுவதற்கு ஏழு ஸாதனங்களை வாக்யகாரரின் கூற்றைக் கொண்டு காட்டியருளுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. விவேகமாவது தூய ஆஹாரத்தால் உடலைத் தூய்மையாக வைத்தல். விமோகமாவது காமத்தில் பற்றின்மை. அப்யாஸமாவது பற்றிய பொருளையே மீண்டும் மீண்டும் பழகுதல். க்ரியையாவது பஞ்ச மஹாயஜ்ஞங்கள் முதலியவற்றைச் சக்திக்கு ஏற்பச் செய்தல். கல்யாணமாவது ஸத்யம், நேர்மை, தயை, தானம், அஹிம்ஸை முதலிய குணங்கள். ஆறாவதாகிய அநவஸாதம் மனம் சோர்ந்து ஒளிமழுங்காமை. ஏழாவதாகிய அநுத்தர்ஷம் களிப்பு மிகுதியால் மனம் தளராமை.

இவற்றில் மூன்று சொற்கள் நம் கேள்விக்கு நேரே விடை தருகின்றன. அப்யாஸம் “மீண்டும்” என்கிறது. க்ரியை “சக்திக்கு ஏற்ப” என்கிறது. அநவஸாதம் “சோராதே” என்கிறது. உண்மை பேசுதலும் தூய உணவும் எவ்வாறு ஸாதனமோ, அவ்வாறே சோர்வின்மையும் ஸாதனமாக எண்ணப்பட்டிருக்கிறது. அப்படியானால், ஒருநாள் தவறியவன் “இனி நான் உருப்படேன்” என்று குன்றிக் கிடந்தால், அது பணிவன்று. ஏழில் ஒன்றை இழந்ததாகும். முதல் தவறு ஒரு க்ஷணத்தில் நேர்ந்தது. சோர்வாகிய இரண்டாம் தவறோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனும் இந்த அச்சத்தையே வெளியிட்டான். மனம் காற்றைப்போல் அடக்கவொண்ணாதது என்றான். அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அடக்கலாம் என்று கண்ணன் அருளினான். அவன் அதோடு விடவில்லை. ச்ரத்தையோடு தொடங்கி நடுவில் வழுவியவன் சிதறிய மேகம்போல் இருபுறமும் இழந்து அழிந்து போவானோ என்று வினவினான். நன்மை செய்யப் புகுந்த எவனும் துர்கதியை அடைவதில்லை என்பதே பகவான் தந்த விடை. ஒன்பதாம் அத்தியாயத்திலோ, மிகத் தீய நடையுள்ளவனும் வேறொன்றை நாடாது தன்னைப் பஜிப்பானாகில் அவனை ஸாது என்றே கருதவேண்டும் என்றும், அவன் உறுதி நல்லுறுதியாதலால் விரைவில் தர்மாத்மாவாகிறான் என்றும் அருளுகிறான். நடை இன்னும் திருந்தி முடியாத நிலையிலும் உறுதியைக் கொண்டே அவனை மதிக்கிறான் கண்ணன். நாமோ, உறுதியைப் பாராமல் நேற்றைய நடையைக் கொண்டே ஒருவரை மதிப்பிடுகிறோம்.

இவ்விடத்தில் அடியேன் செய்த ஓர் அபசாரத்தை மறைக்காமல் விஞ்ஞாபிக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், குடிப்பழக்கத்தால் குடும்பம் நொந்திருந்த ஓர் அன்பர், வைகுண்ட ஏகாதசியன்று துளஸியைக் கையில் ஏந்தி, இனிக் குடிப்பதில்லை என்று பெருமாள் திருமுன்பே வாக்களித்தார். தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவ்வாக்குத் தவறியது. சில நாள் கழித்து ஸேவிக்க வந்து, “ஸ்வாமி, தவறிவிட்டேன்” என்று மெல்லச் சொல்லிக் கையை நீட்டினார். அடியேனோ, “பெருமாளுக்குக் கொடுத்த வார்த்தையைக் காற்றில் விட்டீர், உமக்குத் தீர்த்தம் எதற்கு?” என்று பலர் கேட்கச் சொல்லி, நீட்டிய அந்தக் கையைத் தாண்டி அடுத்தவருக்குத் தீர்த்தம் ஸாதித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். அதன்பின் ஒன்றரை ஆண்டு அவரைக் கோயிலில் காணவில்லை. தர்மத்தைக் காத்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பவித்ரோத்ஸவம் வந்தது. இந்த உத்ஸவத்தின் தாத்பர்யத்தை அன்பர்கள் அறிவார்கள். ஆண்டு முழுதும் நடக்கும் ஆராதனத்தில் மந்த்ரலோபம், க்ரியாலோபம், த்ரவ்யலோபம், காலம் தப்புதல் எனப் பல குறைகள் நேரும். அக்குறைகள் நீங்க யாகசாலை அமைத்து, கும்பம், மண்டலம், பிம்பம், அக்னி என்னும் நான்கு ஸ்தானங்களிலும் எம்பெருமானை ஆராதித்து, முடிச்சுகள் இட்ட நூலாலான பவித்ரமாலைகளைச் சாற்றுகிறோம். திருவரங்கத்தில் பெரியபெருமாள் திருமேனி முழுதும் பவித்ரம் சாற்றியருளும் ஸேவையைப் பூச்சாண்டி ஸேவை என்று அடியார்கள் வழங்குவர். ஆக, எம்பெருமானுடைய திருமாளிகையிலேயே, ஆகமம் கற்ற அர்ச்சகர்கள் கையாலேயே குறைகள் நேரும் என்று சாஸ்த்ரம் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. குறை நேர்ந்தது என்பதற்காகக் கோயிலை மூடிவிடச் சொல்லவில்லை. திருத்தி மேலே நடத்தச் சொல்கிறது.

அன்று யாகசாலையில் அமர்ந்து, ஓராண்டில் நேர்ந்த குறைகள் நீங்குவதற்காக என்று ஸங்கல்பம் சொல்லும்போது அடியேனுக்கு நாவெழவில்லை. ஸ்வரம் தவறியதையும் விளக்கு ஏற்றத் தாமதித்ததையும் குறையாக எண்ணிய அடியேன், ஒரு பாகவதனுடைய நீட்டிய கையைத் தாண்டிச் சென்றதை அதில் சேர்க்கவே இல்லை. எனக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ப்ராயச்சித்தத்தை அவருக்கு ஒருமுறைகூட நான் கொடுக்கவில்லை.

உத்ஸவம் நிறைவேறிய மறுநாள் அவர் க்ருஹத்தைத் தேடிச் சென்றேன். உடல் மிக மெலிந்திருந்தார். “வரவேண்டும் என்று பலநாள் புறப்படுவேன், ஸ்வாமி. தேரடி வரை வந்து கோபுரத்தை மட்டும் ஸேவித்துத் திரும்பிவிடுவேன்” என்றார். க்ஷமிக்க வேண்டும் என்று அவரிடம் வேண்டிக்கொண்டேன். கொண்டுபோயிருந்த தீர்த்தத்தையும் துளஸியையும் அங்கேயே கொடுத்தேன். பின்னர் வீட்டார் வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர்; சிகிச்சை நடந்தது. மருந்தும் ஸங்கல்பமும் ஒன்றுக்கொன்று பகையன்று. இரண்டும் எம்பெருமான் கொடுத்தவையே. நாள்தோறும் காலையில் சந்நிதிக்கு வந்து, அன்றைய திதியைச் சொல்லி, “இன்று தொடேன்” என்று ஸங்கல்பித்துக்கொள்ளுமாறு சொன்னேன். அதன்பின்னும் இருமுறை தவறினார். இருமுறையும் மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். அவர் கையில் முதலில் தீர்த்தம் ஸாதித்தேன். இப்போது பல ஆண்டுகளாக நன்றாக இருக்கிறார். அவர் திருந்தினார் என்பதற்காக இதை எழுதவில்லை. அவர் வாராதிருந்த ஒன்றரை ஆண்டும் யாருடைய கணக்கில் சேரும் என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

“இவ்வாறு இடங்கொடுத்தால் தவறு செய்வோர்க்குத் துணிவு பிறவாதோ?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வித்யையை அடைந்தவனுக்கு முன்பு செய்த பாபங்கள் அழிகின்றன, பின்பு நேருவன ஒட்டுவதில்லை என்று கூறும் ப்ரஹ்மஸூத்ரத்திற்கு உரையிடுமிடத்தில், ஒட்டாதவை என்பது அஜாக்ரதையால் நேருவனவற்றையே குறிக்கும் என்று ஸ்ரீபாஷ்யகாரர் தெளிவுபடுத்தியிருக்கிறார். “மன்னிப்பு உண்டு” என்று கணக்கிட்டு அறிந்தே செய்வதற்கு அதில் இடமில்லை. பவித்ரோத்ஸவம் வருகிறதே என்று எந்த அர்ச்சகனாவது விளக்கேற்றாமல் இருப்பானோ? அவ்வாறு இருப்பவனுக்கு அந்த உத்ஸவம் ப்ராயச்சித்தமும் ஆகாது. தவறியதற்கு உள்ளம் வெதும்புவதும், அதே வேளையில் சோர்ந்துவிடாமல் திரும்பி வருவதும் ஒருங்கே இருக்க வேண்டும். வெதும்பாதவனுக்கு ஸங்கல்பம் விளையாட்டு. திரும்பி வாராதவனுக்கு வெதும்புதல் வீண்.

திரும்பி வந்தவர்களுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் எத்தகைய ஏற்றம் உண்டு என்பதற்குத் தொண்டரடிப்பொடியாழ்வாரே ஸாக்ஷி. திருமண்டங்குடியில் அவதரித்து, திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் திருமாலை கட்டி ஸமர்ப்பித்துக்கொண்டிருந்த விப்ரநாராயணர், நடுவில் அக்கைங்கர்யத்தை மறந்து வேறொரு வலையில் வீழ்ந்ததையும், பின்பு எம்பெருமான் அருளால் தெளிந்து, அடியார்களின் ஸ்ரீபாத தீர்த்தத்தையே ப்ராயச்சித்தமாகக் கொண்டதையும் குருபரம்பரை கூறும். மீண்டபின் அவர் அந்த நந்தவனத்திற்கே, அந்தப் பூக்குடலைக்கே திரும்பினார். நாற்பத்தைந்து பாசுரங்களால் திருமாலையும், பத்துப் பாசுரங்களால் திருப்பள்ளியெழுச்சியும் அருளிச்செய்தார். ஒருகால் தம் கடமையில் உறங்கிப்போனவர் என்று குருபரம்பரை சொல்லும் ஒருவருடைய வாக்கைக் கொண்டே எம்பெருமானைத் துயிலெழுப்புகிறோம். இதைவிட வேறு என்ன அபயம் வேண்டும்?

கோயில்களின் வரலாற்றிலும் இதற்கு ஒரு த்ருஷ்டாந்தம் உண்டு. திருமலையில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நடைபெற்றுப் பின்னர் நின்றுபோன பவித்ரோத்ஸவம், 1962ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. “இத்தனை காலம் விட்டுப்போனதை இனி எடுப்பானேன்” என்று பெரியோர்கள் எண்ணவில்லை. குறைகளைத் தீர்க்கும் உத்ஸவமே பல தலைமுறைகள் குறைந்து கிடந்து மீண்டும் எழுந்திருக்கும்போது, நாற்பது நாளில் அறுந்த நம் வ்ரதத்தை மறுநாள் காலையில் எடுத்துக் கட்டுவதற்கு என்ன தடை?

ஆகவே அன்பர்களுக்கு அடியேனின் விஞ்ஞாபனம் இதுவே. பெரிய ஸங்கல்பம் வேண்டா. சக்திக்கு ஏற்ற சிறிய ஒன்றைக் கொள்வோம். அதை இன்றைய திதிக்கு உரியதாகக் கொள்வோம். எம்பெருமானே செய்வித்துக்கொள்கிறான் என்று அவனிடம் வைப்போம். தவறினால் அடுத்த நீராட்டத்திற்குப்பின் திருமண் இடும்போதே அதையும் புதுப்பிப்போம். நிறைவேறினால் களிக்காமல் இருப்போம். நம் அருகில் தவறியவர் எவரேனும் வந்து நின்றால், அவருடைய பழைய சொல்லை நினைவூட்டாமல், நீட்டிய கையைப் பார்ப்போம். இந்தக் கடைசி வார்த்தை மற்றவர்க்குச் சொன்னதன்று. தீர்த்தவட்டிலை ஏந்தி நிற்கும் அடியேனுக்கே நாள்தோறும் சொல்லிக்கொள்வது. கோபத்தை விடுவதாக அடியேன் செய்த ஸங்கல்பமும் பலமுறை அறுந்து, பலமுறை முடியப்பட்டதே. பவித்ரத்திலும் முடிச்சுகள் உண்டல்லவா?

இந்தப் பவித்ரோத்ஸவத்தில் எழுந்தருளும் எம்பெருமான், நம் குறைகளையெல்லாம் தன் திருமேனியில் மாலையாக ஏற்றருளி, நாளைய விடியலில் மீண்டும் தொடங்கும் உறுதியை நம் அனைவருக்கும் அருள்வானாக என்று ப்ரார்த்தித்து அமைகிறேன்.

அடியேன் ராமாநுஜதாஸன்
சுபம்